4,12,000 கிலோமீட்டர் ஓடிய பக்கி (பிக்கப்) வண்டி, என்ஜின் போய்விட்டது. மாற்றலாமா, விற்றுவிடலாமா?

பூக்கூடை, சாட்ஸ்வொர்த்
ஆகஸ்ட் 12, இரவு 9.40

எல்லோருக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வணக்கம். இந்தப் பக்கத்தை ஆறு வருடமாகப் படித்துவருகிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை.

என் வண்டி 2008ஆம் ஆண்டு இரட்டைக் கேபின் பக்கி, 3 லிட்டர் டீசல். அப்பா புதிதாக வாங்கியது. அவர் போன பிறகும் அதே வண்டிதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. விடியற்காலையில் கிளேர்வுட் மொத்தச் சந்தை, செவ்வாய்தோறும் மூயி ரிவர் பக்கத்துப் பண்ணைகள், வெள்ளி சனியில் கோயில்களுக்குப் பூ. இதுவரை 4,12,000 கிலோமீட்டர்.

போன செவ்வாய் காலிக் கூடைகளோடு பீட்டர்மாரிட்ஸ்பர்கைத் தாண்டி டவுன் ஹில் ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தேன். பாதி ஏற்றத்தில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. பின்னால் வரிசையாக லாரிகள். ஒதுங்க இடம் தேடி இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன். அதற்குள் அடியிலிருந்து சுத்தியலால் இரும்பைத் தட்டுவதுபோலச் சத்தம் கிளம்பிவிட்டது. நிறுத்தினேன். அதன்பிறகு ஸ்டார்ட் செய்யவே இல்லை. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் முழு அளவில் இருக்கிறது. ஆயில் இருக்கும்போது விளக்கு ஏன் எரிந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மூன்று இடத்தில் விலை கேட்டேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய என்ஜின் 52,000 ராண்ட், மாட்டும் கூலி 14,000. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுப்பித்த என்ஜின் வாங்கினால் 88,000. என் என்ஜினையே பிரித்துக் கட்டினால் 70,000க்கு மேல் ஆகும், எவ்வளவு என்று பிரித்த பிறகுதான் தெரியும் என்கிறார்கள். இப்படியே விற்றால் 45,000 தருவதாக ஒருவர் வாசலுக்கே வந்துவிட்டார்.

புரட்டாசிக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது. நம் வீடுகளில் அசைவம் நிற்கும் மாதம், பூவும் காயும் விற்கும் மாதம். வண்டி இல்லாமல் என்ன செய்வது என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


மெரீபேங்க் மெக்கானிக்
ஆகஸ்ட் 12, இரவு 10.25

தம்பி, ஒரு என்ஜினுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். நாளைக்கு யாராவது வற்புறுத்தினாலும் கொடுக்காதீர்கள்.

முதலில் என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை, அதாவது ஆயில் சம்ப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை. அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தது என்றால் ஆயில் இருக்கிறது, மேலே ஏறவில்லை என்று பொருள். பம்ப் பழுதாகியிருக்கலாம், பேரிங் தேய்ந்து அழுத்தம் நிற்காமல் போயிருக்கலாம், ஆயிலை உறிஞ்சும் குழாயின் முனையில் இருக்கும் வலை அடைத்திருக்கலாம். எது என்று தெரியாமல் புது என்ஜினை மாட்டினால், பழையதைக் கொன்றது எதுவோ அது வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும்.

மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வண்டி குலுங்கியதா? என்ஜின் மேல்பக்கத்திலிருந்து மூச்சு வாங்குவதுபோல் "சப் சப்" என்று ஒலி வந்ததா? இதற்கு முன் எப்போதாவது அந்த விளக்கு மின்னியதா?


கணக்குப்பிள்ளை அக்கா, ஃபீனிக்ஸ்
ஆகஸ்ட் 13, காலை 6.15

ஐயா என்ஜினைப் பார்க்கட்டும், நான் பணத்தைப் பார்க்கிறேன்.

என்ஜின் செலவை வண்டியின் விலையோடு ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உங்கள் வண்டி ஓடும் நிலையில் 1,40,000 போகும் என்று வையுங்கள். 80,000 செலவழித்தால் பாதிக்கு மேல் என்று பயம் வரும். ஆனால் நீங்கள் வண்டி வியாபாரி இல்லை. இந்த வண்டி போனால் அதன் இடத்தில் எது வரும் என்பதுதான் கேள்வி. புது டீசல் பக்கிக்கு என் வாடிக்கையாளர் ஒருவர் போன மாதம் விலை கேட்டார், 72 மாதத் தவணையில் மாதம் 11,000க்குக் குறைவாக யாரும் சொல்லவில்லை. முழு இன்சூரன்ஸ் தனி. எட்டு மாதத் தவணைப் பணம் உங்கள் என்ஜினுக்குச் சரியாகப் போய்விடும்.

ஆனால் ஒரு நிபந்தனை. நீங்கள் கடலோரத்தில் இருக்கிறீர்கள். சேஸியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) துரு எப்படி? கியர்பெட்டி, பின் ஆக்சில், ஸ்டீயரிங் எப்படி? துருப்பிடித்த சட்டத்துக்குள் நல்ல என்ஜினை வைத்து, ஆறு மாதம் கழித்து ரோட்வொர்த்தி (சாலைத் தகுதி) சான்றிதழ் கிடைக்காமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். வண்டியைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் எவ்வளவு நட்டம் என்பதையும் எழுதிவையுங்கள். அதை எழுதாமல் போடும் எந்தக் கணக்கும் கணக்கில்லை.


பூக்கூடை, சாட்ஸ்வொர்த்
ஆகஸ்ட் 15, இரவு 8.05

ஐயா, நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் "ஆம்". குளிர்காலம் தொடங்கியதிலிருந்து காலையில் குலுங்கியது, குளிர் என்று நினைத்தேன். அந்த ஒலியும் இருந்தது. ஜூலையில் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது ரோபோவில் (சாலைச் சிக்னலில்) நின்ற இடத்தில் இரண்டு முறை விளக்கு மின்னி அணைந்தது. ஆயிலைப் பார்த்தேன், அளவு சரியாக இருந்ததால் விட்டுவிட்டேன். அந்த இரண்டு முறையில் ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும் என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

இன்று சம்ப்பைக் கழற்றினோம். அடியில் கருப்புக் கற்கண்டுபோல் பொடிக்கட்டிகள். உறிஞ்சும் குழாயின் வலையில் முக்கால்வாசி அடைத்திருந்தது. ஒரு கட்டியை விரலால் நசுக்கினால் கரித்தூளாகிறது. முதல் சிலிண்டரின் கனெக்டிங் ராட் பேரிங் இருந்த இடத்தை விட்டுச் சுழன்றிருக்கிறது. பிஸ்டன்கள் சுற்றவைக்கும் பெரிய தண்டான கிராங்க் ஷாஃப்ட்டில் நகம் தட்டும் அளவுக்குக் கோடு. மற்ற மூன்றும் தேய்ந்திருக்கின்றன, சுழலவில்லை. என்ஜினின் உடலான பிளாக்கில் உடைப்பு இல்லை.

அக்கா, சேஸியைப் பார்த்தேன். அப்பா வருடந்தோறும் அடியில் மெழுகு அடிப்பார், நானும் விடவில்லை. துரு மேலோடுதான்.


மெரீபேங்க் மெக்கானிக்
ஆகஸ்ட் 15, இரவு 11.10

நினைத்தது சரியாகிவிட்டது. விளக்கமாகவே எழுதுகிறேன், இதே வகை என்ஜின் வைத்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும்.

உங்கள் என்ஜினில் டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் மேல்மூடிக்குள்ளேயே நிற்கின்றன. ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் ஒரு சிறு செம்பு வாஷர் உண்டு. எரியும் வாயு சிலிண்டரைவிட்டு மேலே வராமல் அடைப்பது அதுதான். அது தளர்ந்தால், ஒவ்வொரு வெடிப்பிலும் கொஞ்சம் நெருப்புக்காற்று மேலே வருகிறது. நீங்கள் கேட்ட "சப் சப்" அதுதான். அந்தச் சூடு மேல்மூடிக்குள் இருக்கும் ஆயிலைக் கருக்குகிறது. கருகியது தார்போல் ஒட்டி, காய்ந்து, உதிர்ந்து, கீழே சம்ப்பில் விழுகிறது. பம்ப் அதை உறிஞ்ச, வலை அடைக்கிறது. வேகமாகப் போகும்போது பம்ப் எப்படியோ இழுத்துக்கொள்ளும். சூடான ஆயில், ரோபோவில் மெதுவாகச் சுற்றும் என்ஜின் என்றால் அழுத்தம் விழும், அப்போதுதான் விளக்கு மின்னும். அது முதல் எச்சரிக்கை. அடைப்பு முற்றியபிறகு ஏற்றத்தில் என்ஜினுக்குப் பாரம் கூடினால் பேரிங் தாங்காது.

ஒரு சில ராண்ட் விலையுள்ள வாஷர் செய்த வேலை இது. ஆயில் மாற்றுவதில் நீங்கள் குறை வைத்திருக்க மாட்டீர்கள் என்று அந்த மெழுகுக் கதையிலிருந்தே தெரிகிறது. உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

இனி முக்கியமான செய்தி. பேரிங் உலோகம் பொடியாகி ஆயிலோடு எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் தங்கியிருக்கும். மோசமான இடம் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர். அதன் உள்வழிகள் குறுகல், எதை ஊற்றிக் கழுவினாலும் முழுக்க வராது. பழைய கூலரைப் புது என்ஜினில் மாட்டுவது, இறந்தவனின் நோயைப் பிறந்த குழந்தைக்குக் கொடுப்பதுதான். கூலர் புதிதாக வாங்குங்கள். காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போவுக்கு ஆயில் போகும் குழாயும் புதிது. டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள், பக்கவாட்டில் இலேசான ஆட்டம் இருக்கலாம், முன்பின்னாக இருக்கக் கூடாது. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றி ஆயில் தேங்கியிருந்தால் வடித்துக் கழுவுங்கள். டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக இழுத்துக்கொண்டு சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.


ஏற்றத்துக்காரன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்
ஆகஸ்ட் 16, காலை 7.30

ஐயா சொன்ன ஆயில் கூலர் விஷயத்துக்கு நானே சாட்சி. மூன்று வருடம் முன் எனக்கும் பேரிங் போனது. இறக்குமதி என்ஜின் வாங்கினேன். ஓடும்போது நல்ல என்ஜின், புகை இல்லை, சத்தம் இல்லை. மாட்டிய பட்டறையில் என் பழைய என்ஜினிலிருந்து கூலர், டர்போ, குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றி இதில் பூட்டினார்கள். "கழுவிவிட்டோம்" என்றார்கள். ஏழாவது மாதம் ஹோவிக் பக்கத்தில் அதே சத்தம். இரண்டாவது என்ஜினைப் பிரித்தபோது பேரிங்குக்குள் முதல் என்ஜினின் உலோகத் துகள் பதிந்திருந்தது.

வாரண்டி கேட்கப் போனேன். என்ஜின் விற்றவர் மாட்டியவரைக் காட்டினார், மாட்டியவர் விற்றவரைக் காட்டினார். இரண்டு என்ஜின் பணமும் என் தலையில். கடைசியில் வண்டியை உதிரிபாகத்துக்கு விற்றேன். விற்பவரும் மாட்டுபவரும் ஒரே ஆளாக இருக்கும்படி பாருங்கள்.


கோம்பி ஓட்டுநர், டொங்காட்
ஆகஸ்ட் 16, மதியம் 1.20

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். மூன்று கோம்பி (வேன்) வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறேன். இதுவரை நான்கு என்ஜின் மாற்றியிருக்கிறேன், நான்கும் ஜப்பானிலிருந்து வந்த பழைய என்ஜின்கள். மூன்று இன்னும் ஓடுகின்றன. ஒன்று இரண்டே வாரத்தில் ஹெட் கேஸ்கெட் போனது, விற்றவர் மாற்றிக்கொடுத்தார்.

வண்டி ஒரு வாரத்தில் சாலைக்கு வந்துவிடும், அதுதான் காரணம். பிரித்துக் கட்டுவது என்றால் கிராங்கைக் கடைசலுக்கு அனுப்ப வேண்டும், ஹெட்டை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும், ஒரு பிஸ்டன் வரவில்லை என்று மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு நாள் வண்டி நின்றாலும் பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. "70,000 கிலோமீட்டர்தான் ஓடியது" என்ற பேச்சை நம்பாதீர்கள், கழற்றிய என்ஜினோடு மீட்டர் வருவதில்லை. எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள் அழுத்தம்) அளந்து எழுதிக் கேளுங்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபட்டால் வேண்டாம். மேல்மூடியைத் திறந்து இன்ஜெக்டரைச் சுற்றித் தார் இருக்கிறதா பாருங்கள். சம்ப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். கிளட்ச் இருக்கும் கூட்டுக்குள்ளும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள்ளும் வண்டல் மண் இருந்தால் அது வெள்ளத்தில் நின்றது. 2022 ஏப்ரல் வெள்ளத்தை நாம் எல்லோரும் பார்த்தோம், எத்தனை வண்டி சேற்றில் புதைந்தது என்று தெரியும்.

மாட்டும் முன் டைமிங் பெல்ட், டென்ஷனர், தண்ணீர் பம்ப், கிராங்கின் முன் பின் ஆயில் சீல், கிளட்ச் தட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள். என்ஜின் தரையில் இருக்கும்போது ஒரு மணி நேரம், வண்டிக்குள் போய்விட்டால் ஒரு நாள்.


மெரீபேங்க் மெக்கானிக்
ஆகஸ்ட் 16, மாலை 5.45

டொங்காட் தம்பி சொன்ன சோதனைகள் அத்தனையும் சரி, ஒன்றையும் மறுக்கமாட்டேன். பிள்ளைகளை ஏற்றுபவருக்கு அவசரம் நியாயமானதுதான். ஆனால் பூக்கூடையின் பிளாக் நல்ல நிலையில் இருக்கிறது. நான்கு லட்சம் ஓடியும் உடையவில்லை, சூடேறி வளையவில்லை, அதன் வரலாறு முழுக்க ஒரே குடும்பத்துக்குத் தெரியும். வாங்கும் என்ஜினின் வரலாறு யாருக்கும் தெரியாது. அதே வகை என்ஜின் என்றால் அதன் வாஷர்களும் அதே வயதுதான்.

இன்னொன்று. ஜப்பானில் இந்த என்ஜின் வேறு வண்டிகளிலும் வந்தது. சம்ப்பின் வடிவம், என்ஜினைத் தாங்கும் மவுண்ட் பிடிக்கும் இடம், சில சென்சார்கள் மாறும். கடைசி நேரத்தில் "இது பொருந்தவில்லை" என்று நிற்கும்போது அந்த ஒரு வாரம் மூன்று வாரமாகும்.


சட்டம் படித்தவள், லெனேசியா
ஆகஸ்ட் 17, இரவு 7.50

ஜோஹன்னஸ்பர்கிலிருந்து எழுதுகிறேன். என்ஜின் எண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே.

பதிவுச் சான்றிதழில் என்ஜின் எண் இருக்கிறது. வேறு என்ஜின் மாட்டினால் போலீசின் வாகனச் சோதனைப் பிரிவில் காட்டிச் சான்று வாங்கி, லைசென்ஸ் அலுவலகத்தில் புது எண்ணைப் பதிய வேண்டும். அதற்கு விற்றவரின் ரசீது வேண்டும், இறக்குமதி என்றால் அதற்கான தாளும் வேண்டும். தாள் இல்லாத என்ஜின் எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்தால் வண்டியே போய்விடும். பதியாமல் ஓட்டினால் விற்கும்போது மாட்டுவீர்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் அதைக் கையில் எடுத்துக்கொள்வார். பழைய பொருள் விற்பவர்கள் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீசில் பதிந்திருக்க வேண்டும், பதிவுச் சான்றைக் காட்டச் சொல்ல உங்களுக்குத் தயக்கம் வேண்டாம். உங்கள் பிளாக்கையே வைத்துக் கட்டினால் எண் மாறாது, இந்த அலைச்சல் எதுவும் இல்லை.

ஏற்றத்துக்காரர் அண்ணன் எழுதியதைப் படித்து வருத்தப்பட்டேன். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பழுதுபார்க்கும்போது போட்ட புதிய அல்லது புதுப்பித்த பாகத்துக்கும் அதை மாட்டிய கூலிக்கும் குறைந்தது மூன்று மாதம் பொறுப்பு உண்டு. கடையில் வாங்கிய பொருள் குறையுள்ளதாக இருந்தால் ஆறு மாதத்துக்குள் பழுதுபார்த்துத் தரவோ, மாற்றித் தரவோ, பணம் திருப்பித் தரவோ கேட்கலாம். பழைய பொருள் என்றாலும்தான். ரசீதில் "ஃபுட்ஸ்டூட்ஸ்" (இருக்கும் நிலையிலேயே விற்பனை) என்று முத்திரை குத்திவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பல கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். அந்த ஒரு சொல் போதாது. இன்ன குறை இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லி, அதை நீங்கள் ஏற்றிருந்தால்தான் அவர்கள் தப்ப முடியும். தீரவில்லை என்றால் மோட்டார் தொழிலுக்கென்றே புகார் கேட்டு விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது.

எதையும் வாயால் பேசி விடாதீர்கள். யார் என்ன பாகம் போட்டார், எத்தனை மாதப் பொறுப்பு, எல்லாம் தாளில் வேண்டும். சில கடைக்காரர்கள் பிளாக்கில் வெப்பம் காட்டும் சிறு வட்டு ஒட்டுவார்கள், சூடேறினால் அது உருகிவிடும். ஒட்டிய அன்றே அதைப் புகைப்படம் எடுத்துவையுங்கள்.


பூக்கூடை, சாட்ஸ்வொர்த்
ஆகஸ்ட் 20, இரவு 9.15

முடிவு செய்துவிட்டேன். எங்கள் என்ஜினையே கட்டுகிறோம்.

கடைசல் பட்டறையில் கிராங்கை அளந்தார்கள். 0.25 மில்லிமீட்டர் கடைந்தால் கோடு போய்விடும், அடுத்த அளவுப் பேரிங் போடலாம் என்றார்கள். சிலிண்டர்கள் தேய்ந்திருக்கின்றன, பெரிய அளவு பிஸ்டன் போட வேண்டும். ஹெட்டில் விரிசல் இல்லை. புது ஆயில் பம்ப், புது கூலர், டர்போ குழாய், டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், கிளட்ச் எல்லாம் சேர்த்து 81,400 ராண்ட். கட்டுபவரும் மாட்டுபவரும் ஒரே பட்டறை. ஒரு வருடப் பொறுப்பு, தாளில் எழுதி வாங்கினேன்.

ஐந்து வாரம் ஆகும். புரட்டாசி முதல் இரண்டு சனிக்கிழமை வண்டி இருக்காது. அதற்குத்தான் வழி தெரியவில்லை.


கோம்பி ஓட்டுநர், டொங்காட்
ஆகஸ்ட் 20, இரவு 9.40

சனிக்கிழமை பள்ளி இல்லை. என் கோம்பிகளில் ஒன்று சும்மா நிற்கும். பின் இருக்கைகளைக் கழற்றினால் முப்பது கூடை ஏறும். டீசல் மட்டும் நீங்கள் போடுங்கள். விடியற்காலை மூன்றரைக்கு நானே வருகிறேன், புரட்டாசி சனிக்கிழமைப் பூ நிற்கக் கூடாது.


மெரீபேங்க் மெக்கானிக்
ஆகஸ்ட் 21, காலை 5.50

மனம் நிறைந்தது.

பட்டறையில் நான்கு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். கிராங்கைக் கடைந்தபிறகு மேற்பரப்பின் கடினத்தைச் சோதித்தார்களா? பிஸ்டன் மேலே வரும் உயரத்தை அளந்து அதற்கேற்ற தடிப்பில் கேஸ்கெட் எடுத்தார்களா? இன்ஜெக்டர் உட்காரும் இடத்தைச் சுத்தமாகச் சீவி, புது செம்பு வாஷர் போட்டு, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்கினார்களா? பழைய வாஷரை மறுபடி போடவே கூடாது. இன்ஜெக்டர் மாற்றினால் ஒவ்வொன்றின் மேலும் இருக்கும் எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் குலுங்கும்.

முதல் ஸ்டார்ட் அன்று நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். எரிபொருளைத் துண்டித்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் இடைவெளி விட்டுவிட்டுச் சுற்றி, ஆயில் அழுத்தம் வந்தபிறகுதான் உயிர் கொடுக்க வேண்டும். காய்ந்த பேரிங்கில் முதல் பத்து விநாடி செய்யும் கேடு பத்தாயிரம் கிலோமீட்டரில் வராது.

முதல் 1,000 கிலோமீட்டருக்கு அதிகப் பாரமும் வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுந்தூரமும் வேண்டாம். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். டீசலில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கந்தகம் உள்ளதையே போடுங்கள். 500 உள்ளதும் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கிறது, ஆனால் கந்தகம் ஆயிலில் அமிலமாகிறது, ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும்.


பூக்கூடை, சாட்ஸ்வொர்த்
செப்டம்பர் 29, இரவு 10.30

இன்று வண்டி வந்துவிட்டது. ஐயா சொன்ன நான்கையும் கேட்டேன். பட்டறைக்காரர் முதலில் முகம் சுளித்தார், பிறகு அளந்த தாளை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஸ்டார்ட்டரை நான்கு முறை சுற்றியபிறகு அழுத்தமானி ஏறியது. அம்மா தேங்காய் உடைத்தார்.

டொங்காட் அண்ணன் இரண்டு சனிக்கிழமையும் மூன்றரைக்கு வந்து நின்றார். டீசல் பணம்கூட வாங்க மறுத்தார், அம்மா சண்டை போட்டுக் கையில் திணித்தார்.


பூக்கூடை, சாட்ஸ்வொர்த்
டிசம்பர் 6, மாலை 6.20

6,300 கிலோமீட்டர் ஓடிவிட்டது. முதல் ஃபில்டரை 1,000இல் அறுத்தபோது மடிப்புகளில் நுண்ணிய பளபளப்பு இருந்தது, பயந்துபோய்ப் படம் எடுத்து ஐயாவுக்கு அனுப்பினேன். புது ரிங்குகள் உராய்ந்து பழகும் தூள், காந்தத்தில் ஒட்டினால் பயம் வேண்டாம் என்றார். ஒட்டியது. 5,000இல் அறுத்த இரண்டாவது ஃபில்டர் சுத்தமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மூயி ரிவர் போனேன். டவுன் ஹில் ஏற்றத்தில் அதே மூன்றாம் கியர். விளக்கு எரிந்த அந்த வளைவு வந்தபோது ரேடியோவை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன். சத்தமில்லை.

ஐயா, ஒரு கேள்வி. செம்பு வாஷர்களை அடுத்து எத்தனை கிலோமீட்டரில் திறந்து பார்க்கட்டும்?


மெரீபேங்க் மெக்கானிக்
டிசம்பர் 6, இரவு 8.00

மேல்மூடியை 40,000இல் ஒருமுறை திறந்து பாருங்கள். இன்ஜெக்டரைச் சுற்றிக் கருப்பு இல்லை என்றால் அப்படியே மூடிவிடுங்கள். இருந்தால் அன்றே நான்கையும் மாற்றுங்கள். காலையில் "சப் சப்" கேட்டால் 40,000 வரை காத்திருக்க வேண்டாம், வண்டியை மெரீபேங்க் கொண்டுவாருங்கள்.